பேசாமல் எப்படிப் பேச்சு வரும்?

பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்த பையன். இன்டர்வியூவில் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் மடமடவென்று ஒப்பிக்கிறான். "மை நேட்டிவ் பிளேஸ் இஸ் பொன்னேரி" வரைக்கும் தடங்கலே இல்லை. மோட்டார் சூடானால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று ஆங்கிலத்தில் கேட்டதும் தலை குனிந்துவிடுகிறது. அதையே தமிழில் கேளுங்கள். லோடு, பேரிங், ஃபேன், வோல்டேஜ் என்று கையை ஆட்டி ஆட்டி வரிசையாகச் சொல்வான். வேலை தெரிந்த பிள்ளை. ஆனால் பேப்பரில் 'கம்யூனிகேஷன் வீக்' என்று விழுந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

அவன் என்ன செய்வான்? பிளஸ் டூவில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் செய்முறைத் தேர்வு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. பொதுத்தேர்வில் வாய் திறந்து பேசிக் காட்ட ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. இரண்டு பேர் பேசிக்கொள்கிற உரையாடலைக்கூடப் பேப்பரில்தான் எழுத வேண்டும். அதையும் கைடில் இருந்து மனப்பாடம் பண்ணி எழுதிவிடுகிறார்கள். வகுப்பில் வாத்தியார் வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், கேள்வி பதிலைக் குறித்துக்கொள்ளச் சொல்வார். பிள்ளைகளின் குரல் கேட்பது 'எஸ் சார்' சொல்லும்போது மட்டும்தான்.

இதே ஊரில் வேறொன்றையும் பார்க்கிறேன். ரோலிங் மில்லுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே டீக்கடையில் தமிழ் பேசுகிறார்கள். "அண்ணா, சக்கரை கம்மி" என்று சரியாகச் சொல்கிறார்கள். அவர்களோடு ஷிஃப்ட் பார்க்கிற நம்ம ஊர் சூப்பர்வைசர்கள் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாமலே இந்தியில் வேலை வாங்குகிறார்கள். ஆரம்பாக்கம் பக்கம் போனால் சின்னப் பிள்ளைகள்கூடத் தமிழும் தெலுங்கும் கலந்து விளையாடுகின்றன. இவர்களுக்கெல்லாம் யார் இலக்கணம் நடத்தினார்கள்? தேவை இருந்தது, பேசினார்கள், தப்பும் தவறுமாகப் பேசிப் பேசியே வந்துவிட்டது.

கல்வித்துறைக்குத் தெரியாத சங்கதியா இது? சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் வேறு விதமாகச் செய்து பார்த்தார். இலக்கணத்தைத் தனியாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி எதையாவது கையில் கொடுத்து ஆசிரியர் ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்பார். பிள்ளைகள் யோசித்து விடை சொல்ல வேண்டும். மொழி கற்பிக்கிறவர்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க 'பெங்களூர் திட்டம்' என்று அதைப் பேசுகிறார்கள். நம்ம வகுப்பறையில் இன்னமும் கைடுதான்.

2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஆறு வயதில் திறந்திருக்க வேண்டிய வாயைப் பதினெட்டு வயதில் திறக்கச் சொன்னால் கூச்சம் வந்து அடைக்காதா?

அந்தக் கூச்சத்தை வளர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு. சாயங்கால லோக்கல் ட்ரெயினில் ஒரு பையன் துணிந்து ரெண்டு வரி ஆங்கிலம் பேசிவிட்டால் போதும், "என்னடா பீட்டர் விடுற" என்று கம்பார்ட்மென்டே சிரிக்கிறது. தப்பாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் சிரிப்பு. அவன் எங்கேதான் பேசிப் பழகுவான்? காசு இருக்கிறவன் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போவான். கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

வாரத்தில் ஒரு பீரியடாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள், முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். அந்த 10 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பாதியைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் வந்தால்தான் பள்ளிக்கூடம் அதை மதிக்கும். கம்பெனிக்காரர்களும், டிரெய்னியாக வருகிற பையனிடம் வேலை தெரியுமா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி வந்த அதே ஷாப் ஃப்ளோரில் அவனுக்கு ஆங்கிலமும் வரும்.