குளத்தில் இறங்கவிடாத நாடு பதக்கம் கேட்கிறது

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் வாட்டர் போலோவில் இந்தியா 1951இல் தங்கம் வென்றது. 1970இல் வெள்ளி. 1982இல் வெண்கலம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஒலிம்பிக்கில் 1952க்குப் பிறகு இந்திய அணி நீரில் இறங்கவே இல்லை. ஏன் என்று கேட்டால் பணம் இல்லை, பயிற்சியாளர் இல்லை என்று வழக்கமான பதில்கள் வரும். தோழர்களே, நாம் வேறு கேள்வி கேட்போம். இந்த நாட்டில் நீரில் இறங்கும் உரிமை யாருக்கு இருந்தது?

இந்த ஆட்டம் பலருக்குத் தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எட்டு நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள். தரையில் காலூன்றக் கூடாது. முழு நேரமும் மிதந்துகொண்டே, ஒரே கையால் பந்தைப் பிடித்து எறிய வேண்டும். இரு கைகளையும் பயன்படுத்தும் சலுகை கோல்கீப்பருக்கு மட்டுமே. கல்லூரிக்குப் போன பிறகு கற்றுக்கொள்ளக்கூடிய ஆட்டம் அல்ல இது. ஏழெட்டு வயதிலேயே ஆழமான நீரில் பயமின்றி இறங்கிப் பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பயமின்மை நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியது என்று சொல்லவே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவ்தார் குளத்து நீரைக் கையால் அள்ளிக் குடித்ததற்காக அம்பேத்கரோடு வந்தவர்கள் அடிபட்டார்கள். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்கான் மாவட்டத்தில் தலித் சிறுவர்களை நிர்வாணமாக்கி அடித்தார்கள். அவர்கள் செய்த குற்றம், கிணற்றில் நீந்தியது. 2022 டிசம்பரில் நம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் சண்டை அதே நீருக்காகத்தான் நடக்கிறது.

"விளையாட்டில் சாதி இல்லை, திறமை இருந்தால் மேலே வரலாம்" என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டீனில், விடுதி நீச்சல் குளத்தில் கறுப்பின மக்கள் இறங்கியபோது உரிமையாளர் அதில் அமிலத்தை ஊற்றினார். அதே ஃபுளோரிடாவில் வளர்ந்த ஆஷ்லி ஜான்சன் 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கோல்கீப்பராகத் தங்கம் வென்றார். அந்நாட்டுப் பெண்கள் வாட்டர் போலோ ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர். இடையில் 52 ஆண்டுகள். திறமை அதற்கு முன்பும் இருந்தது. குளத்தின் கதவுதான் பூட்டியிருந்தது.

நம் மக்கள் நீச்சல் குளத்துக்குள் போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டுவதற்குப் போயிருக்கிறார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்காக மேம்பாலங்களும் அரங்கங்களும் நீச்சல் குளமும் எழுப்பிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். அந்த ஆண்டின் வெண்கலத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தத் தீர்ப்பையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கோமுகி அணை இருக்கிறது, மணிமுக்தா அணை இருக்கிறது, கல்வராயன் மலையில் மேகம் அருவியும் பெரியார் அருவியும் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் ஓடையில் நீந்துவதையும், சேரிப் பிள்ளைகள் ஏரி மதகிலிருந்து குதிப்பதையும் களப்பணியில் பார்க்கிறேன். முறையாகக் கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. கோடை விடுமுறையில் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிச் சாகிற பிள்ளைகளுக்கு நீச்சல் உயிர்ப் பிரச்சினை.

"குடிக்கவே தண்ணீர் இல்லை, நீச்சல் குளம் கேட்கிறாயா?" என்று நம் தோழர்களே கேட்பார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அத்தனை உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மக்களின் நிலை குறித்து உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. அடிப்படை வசதியே அந்த நிலைமையில்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் "முதலில் சோறு, பிறகு மற்றவை" என்ற வரிசை நமக்கு மட்டும்தான் போடப்படுகிறது. நகரத்துப் பிள்ளை நீச்சல் வகுப்புக்குப் போகும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. குடிநீரும் கேட்போம், குளமும் கேட்போம். கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது 15(2)ஆம் பிரிவு. அரசுப் பணத்தில் கட்டும் நீச்சல் குளமும் அந்த வரிசையில் வருவதுதான்.

2036 ஒலிம்பிக்கை இங்கே நடத்த ஒன்றிய அரசு முயல்கிறது. போட்டியை நடத்தும் நாடு என்பதாலேயே டோக்கியோவில் ஜப்பானும் பாரிஸில் பிரான்சும் வாட்டர் போலோவில் இடம் பெற்றன. இந்தியாவுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தால், அந்த அணியில் ஆடப்போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். வெள்ளிமலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த அணியில் இடம் உண்டா?

மாணவத் தோழர்களே, இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கு மனு போடுங்கள். மாவட்டத்தில் அரசு நீச்சல் குளம் எத்தனை? கட்டணம் எவ்வளவு? ஆதிதிராவிடர் நல விடுதிகள், பழங்குடியினர் பள்ளிகளிலிருந்து எத்தனை பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி தரப்பட்டது? ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென்று 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து இதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்? வரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் பேசுவோம்.

மகாத்தில் நாம் கேட்டது ஒரு கை நீர். இப்போது கேட்பது முழுக் குளம்.

ஜெய் பீம்.