செப்புத்தகட்டில் பத்து அவதாரங்கள்

மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலூரையொட்டிய தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் துணி வாங்கிக் கப்பலேற்றிய 17ஆம் நூற்றாண்டிலேயே நம் திருமாலும் கடல் கடந்துவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் 1667இல் வெளியான அதனேசியஸ் கிர்ச்சரின் ‘சீனா இல்லஸ்ட்ராட்டா’விலும், 1672இல் வெளியான பால்டேயஸ் பாதிரியாரின் மலபார்–சோழமண்டல நூலிலும் தசாவதாரங்கள் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக இடம்பெற்றன. பால்டேயஸ் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர்.

இச்சித்திரங்களைக் கண்டதும் நம்மவர்க்குச் சினமோ சிரிப்போ எழுகிறது. பார்த்தா மிட்டர் 1977இல் எழுதிய நூல், ஐரோப்பியர் நம் தெய்வங்களைப் பூதங்களாகவே கண்ட வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. வர்த்தேமா 1510இல் கள்ளிக்கோட்டைத் தெய்வத்தைச் சாத்தான் என எழுதினார். 1515ஆம் ஆண்டு ஜெர்மன் பதிப்புக்கு யோர்க் ப்ராய் அவ்வாறே மரச்செதுக்குப் படம் தீட்டினார். இதில் மறுப்பதற்கு ஏதுமில்லை.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியன்று என்பது என் துணிபு. ப்ராயின் முன்னால் இருந்தது வெறும் சொல். பால்டேயஸ் நூலின் அவதாரப் படங்களோ இந்திய ஓவியங்களை மூலமாகக் கொண்டவை. புடைத்த தசையும், நெருங்கிய கோடுகளால் எழுந்த நிழலும் அவர்களுடையவை. கைகளின் எண்ணிக்கையும் ஆயுதங்களும் நம்முடையவை. தகட்டில் நேராகப் படியெடுத்தால் அச்சில் இடம் வலமாகும்; வலக்கைச் சக்கரம் இடக்கைக்குப் போய்விடும். எனவே ஒவ்வொரு பிழையையும் பகைமையின் கணக்கில் எழுத முடியாது. பெயர் தெரியாத நம் ஓவியன் ஒருவனின் கை அக்கோடுகளுக்கு அடியில் இருக்கிறது. ஏளனம் செய்து ஒதுக்குகையில் அவனையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. தரங்கம்பாடியில் தமிழரிடம் கேட்டும் தமிழ்ச்சுவடிகளைப் படித்தும் சீகன்பால்க் நம் தெய்வங்களைப் பற்றிய தம் நூலை 1713இல் எழுதி முடித்தார். அது அச்சேறியது 1867இல், சென்னையில். இடைப்பட்ட 154 ஆண்டுகளும் படங்கள் ஐரோப்பாவில் உலவின. அவற்றுக்குப் பொருள் சொல்லியிருக்கக்கூடிய நூலோ கையெழுத்துப் படியாகவே கிடந்தது. கிர்ச்சர் நம் சமயத்தின் வேரை எகிப்தில் தேடியதை மறுக்கத் தமிழ்நாட்டுச் சான்று ஒன்று அங்கே அச்சில் இல்லாமற்போனது.

இன்று இப்படங்களை எடுத்தாளும் பதிப்பாளர்கள் நூலின் பெயரையும் ஆண்டையும் ஓரத்திலாவது குறிப்பிட வேண்டும். பொருளின்றிப் படம் உலவிய அந்தப் பழைய பிழையை நாமே மீண்டும் செய்யலாகாது.