ஒக்கி புயல்: மாநில எல்லையைக் கடந்த பங்குப் பதிவேடும் தொண்டர்களால் இயலாமற்போனதும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாறசாலை சட்டமன்றத் தொகுதியிலுள்ள ஒற்றசேகரமங்கலம் கடற்கரை ஊர் அன்று. மலையிலிருந்து இறங்கும் நெய்யாறு அவ்வூரின் வழியாக ஓடி, பூவாறில் கடலில் கலக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது ஆற்றின் இரு முனைகளும் ஒரே நாளில் பாதிக்கப்பட்டன. உள்நாட்டில் மரங்களும் மின்கம்பங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன. கடலோரத்தில் ஆட்கள் திரும்பி வரவில்லை.

இரண்டுக்கும் உதவி செய்தவர்கள் முதலில் அக்கம்பக்கத்தாரும் ஆலயத் தொண்டர்களுமே. எனினும் அவர்கள் செய்த பணி ஒன்றல்ல. சாலையில் விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவதும், கூரை பறந்த வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டுவதும் சில நாட்களில் முடியக்கூடியவை. கடலோரத்திலோ அதற்கும் முந்தைய கேள்வி நின்றது: காணாமற்போனவர்கள் எத்தனை பேர்?

இக்கேள்விக்கு விடை கூற அரசுகள் தடுமாறின. ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர்கள் புயல் உருவாகுமுன்பே, பல நாட்களுக்கு முன் புறப்பட்டிருந்தனர். புயல் எச்சரிக்கை தங்களுக்கு நவம்பர் 30 நண்பகலில்தான் கிடைத்தது என்று கேரள அரசு கூறியது. அவ்வேளையில் நடுக்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சேர்க்க வழியே இல்லை. மேலும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் மீனவர்கள் தமிழ்நாட்டில் குடியிருப்பவர்கள்; தொழில் செய்வதோ பெரும்பாலும் கொச்சியை மையமாகக் கொண்டு. அவர்களை எந்த மாநிலம் கணக்கில் சேர்ப்பது?

இங்குதான் பங்குப் பதிவேடு பயன்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள தூத்தூர் வட்டார ஊர்கள், மாநில எல்லைக்கு இப்பால் இருந்தாலும், திருவனந்தபுரம் இலத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அப்போதைய பேராயர் சூசைபாக்கியமே மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தபோது நிலத்தில் கோடு விழுந்தது. மறைமாவட்டம் அக்கோட்டுக்கு ஏற்பப் பிரியவில்லை. ஆகவே பூந்துறையிலும் வள்ளவிளையிலும் வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்த பெயர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தன. தேவாலயத்தின் எண்ணிக்கைக்கும் அரசின் எண்ணிக்கைக்கும் இடையே அந்த டிசம்பர் முழுவதும் வேறுபாடு நீடித்தது. இறுதியில் இரு மாநிலங்களிலும் இறந்தோரும் காணாமற்போனோருமாக 300க்கும் மேற்பட்டோர் என்பது உறுதியானது.

பங்கு மக்கள் அல்லாத கூலித் தொழிலாளி ஒருவர் படகில் இருந்தால் அவர் பெயர் அப்பதிவேட்டில் இராது என்பது இம்முறையின் வெளிப்படையான குறை. ஆயினும் அதைவிடச் சிறந்த பட்டியல் அன்று வேறெவரிடமும் இருக்கவில்லை.

டிசம்பர் 7 அன்று கடலோரக் கிராமங்களிலிருந்து நடந்தே வந்த ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தனர். இறந்தோர் குடும்பத்துக்குக் கேரளம் 20 லட்சம் ரூபாய் அறிவித்திருந்தது. தமிழக அரசு முதலில் அறிவித்தது அதில் பாதியே. சில நாட்களில் தமிழகமும் தொகையை 20 லட்சமாக உயர்த்தியது. காணாமற்போனவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற சட்ட விதியால் குடும்பங்கள் தவிக்காதிருக்க, இரு அரசுகளும் தனி நடைமுறை வகுத்தன. பட்டியலும் மறியலும் இன்றி இவ்வளவு விரைவில் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

உள்நாட்டு விவசாயிக்கு அத்தகைய பட்டியலும் இல்லை, மறியலும் இல்லை. சாய்ந்த வாழையை அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். முறிந்த ரப்பர் மரத்துக்குப் பதிலாக நட்ட கன்று பால் தர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியை எந்தத் தொண்டராலும் நிரப்ப இயலாது.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் கத்ரீனா சூறாவளிக்குப் பின் தேவாலயத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் வீடுகளைச் சீரமைத்தனர். மரப்பலகை வீட்டுக்குச் சுத்தியலும் ஆளும் இருந்தால் பெரும் பகுதி முடிந்துவிடும். ஒக்கியில் பறிபோனவை பிழைப்பு தரும் ஆளும் படகும். படகு வாங்கக் கடனும் காப்பீடும் மானியமும் தேவை. அவை அரசிடமும் வங்கியிடமும் இருப்பவை.

புயலில் உறவினரை இழந்த அதே கடலோரச் சமூகம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் வரை சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்டது. கேரளத்தின் சொந்தப் படை என அவர்களை முதல்வர் பினராயி விஜயன் பாராட்டினார்.

அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அது கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் உரியது. பொழியூரை அடுத்துள்ள நீரோடிக்கான எச்சரிக்கை, தமிழ்நாட்டு ஊர் என்பதால், சென்னை மையத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது.