சுவரைக் கேட்டு நிறம் தேர்வோம்

பழைய வீட்டின் வெளிச்சுவருக்கு நிறம் தேர்வது எளிய செயலாகவே பலருக்கும் தோன்றுகிறது. மகளுக்கு நிக்காஹ் உறுதியாகிறது; அல்லது வளைகுடாவிலிருந்து மகன் விடுமுறையில் வருகிறான்; அல்லது பெருநாள் நெருங்குகிறது. உடனே கடையிலிருந்து நிற அட்டை வீட்டுக்கு வருகிறது. வீட்டார் கூடியமர்ந்து ஒரு கட்டத்தின்மேல் விரல் வைக்கின்றனர். கடைக்காரர் அதன் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். சில நாள்களில் வீடு புதுக்கோலம் பூணுகிறது. இக்கலந்தாய்வில் பெரியவர் முதல் சிறுவர் வரை எல்லாருடைய விருப்பமும் கேட்கப்படுகிறது. சுவரின் இயல்பு மட்டும் கேட்கப்படுவதில்லை. நம் பழைய வீடுகளுள் பல, முதுமையால் அழிவதைவிட இக்கேளாமையால் விரைந்து அழிகின்றன என்பதே நம் கருத்து.

காரைச் சுவரின் இயல்பு

நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம், புதுச்சேரி முதலிய கடலோர ஊர்களில் இன்றும் நிற்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் அது நம் ஊர்க் கொத்தனாரின் கைக்கு எளிதில் எட்டும் பொருளாவதற்கு மிக நீண்ட காலம் ஆயிற்று. அதுவரை செங்கல்லைப் பிணைத்ததும் சுவரைப் பூசியதும் அதற்கு வெண்மை தந்ததும் சுண்ணாம்பே.

சுண்ணாம்பின் வரலாறு வியப்புக்குரியது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுகிறோம். அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீரை ஊற்றினால் அது கொதித்து நீறுகிறது. நீறிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டபின், சூளையில் தான் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. ஆகவே வெள்ளையடித்த சுவரின்மேல் இருப்பது ஒட்டவைத்த தோலன்று, மெல்லிய கல்லேயாகும்.

இக்கல் நுண்துளைகள் நிறைந்தது. மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் மழையில் உட்புகுந்த நீரும் அத்துளைகளின் வழியே வெளியேறி ஆவியாகிவிடுகின்றன. கடற்காற்றும் நிலத்தடி நீரும் கொண்டுவந்த உப்பு, மேற்பரப்பில் பூத்துச் சுண்ணாம்புப் பூச்சோடு உதிர்கிறது. அடுத்த ஆண்டு மீண்டும் வெள்ளையடிக்கிறோம். பூச்சு தன்னை இழந்து சுவரைக் காக்கிறது.

இத்தகைய சுவரின்மேல் பட்டி தேய்த்து, பிரைமர் பூசி, இருமுறை எமல்ஷன் அடித்தால் என்ன நிகழும்? எமல்ஷன் உலர்ந்ததும் ஒரு பிசின் படலமாகிறது. காரைச் சுவர் வெளிவிடும் ஓதம் முழுவதையும் விடுவிக்க அப்படலத்தால் இயலாது. நீர் உள்ளேயே தேங்குகிறது. உப்பு படலத்தின் பின்னே படிகமாகிறது. படிகம் வளர வளரக் காரை நொறுங்குகிறது. ஓரிரு மழைக்காலங்களில் சுவர் கொப்புளம் கொள்கிறது. வீட்டார் வண்ணத்தைக் குறை கூறுகின்றனர். சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசுகின்றனர்; அதன்மேல் மீண்டும் எமல்ஷன். சிமெண்டும் ஓதத்தின் வழியை அடைக்க, ஈரம் மேலும் உயர ஏறுகிறது. இறுதியில், “வீடு பழசாகிவிட்டது, இடித்துக் கட்டுவதே வழி” என்ற தீர்ப்பு எழுதப்படுகிறது. பல தலைமுறை கண்ட வீட்டுக்கு இத்தீர்ப்பு பல வேளைகளில் நிற அட்டையிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் பெரியோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய நிறங்கள் ஏழ்மையின் அடையாளமா?

“அந்தக் காலத்தில் வெள்ளை, காவி, மஞ்சள், வெளிர்நீலம் தவிர வேறென்ன இருந்தது?” என்று இளைஞர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. ஆனால் அவை வறுமையால் மட்டும் தேர்ந்த நிறங்கள் அல்ல. நீறிய சுண்ணாம்பு கடுங்காரத் தன்மை உடையது. எல்லா நிறப்பொடிகளும் அதனுள் பிழைத்திருப்பதில்லை. பிரஷ்ய நீலம் சிதைந்து நிறம் கெடும். இரும்பின் துருவிலிருந்து பிறந்த காவியும் மஞ்சட்காவியும் பிழைத்திருக்கும். அவை வெயிலிலும் எளிதில் மங்குவதில்லை. பளிச்சிடும் புதுச் சிவப்புகளும் மஞ்சள்களும் சில கோடைகளில் வெளுத்துவிட, பழைய காவி தன் நிறத்தில் நிலைத்திருப்பதன் காரணம் இதுவே.

நீலத்தின் கதையும் அறியத்தக்கது. அல்ட்ராமரின் என்னும் நீலப்பொடியைச் செயற்கையாக ஆக்கும் முறை 1820களின் பிற்பகுதியில் பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளில் கண்டறியப்பட்டது. அரிய கல்லிலிருந்து பெறப்பட்ட அந்நிறம் அதன்பின் மலிவாயிற்று. வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலமும் சுண்ணாம்புத் தொட்டியில் கரைத்த நீலமும் ஒன்றே. சிறிதளவு கலந்தால் வெண்மை மேலும் வெண்மையாகத் தோன்றும். கூடுதலாகக் கலந்தால் வெளிர்நீலச் சுவர். நம் முன்னோர் நூல் கற்றுத் தேர்ந்தாரல்லர். சுவரைப் பார்த்துத் தேர்ந்தனர்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் மேலும் ஒரு செய்தி உண்டு. சங்க நூலாகிய நெடுநல்வாடை அரண்மனையை வருணிக்குமிடத்தில் வெள்ளிபோல் ஒளிரும் சுதை பூசியதைக் கூறுகிறது. பச்சை அடித்தாலும் மஞ்சள் அடித்தாலும் அப்பணியை ‘வெள்ளையடித்தல்’ என்றே நம் வீடுகளில் இன்றும் வழங்குகிறோம். மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயத்தோல், அரக்கு, மாம்பழ மஞ்சள் என நிறத்துக்குப் பொருளைக்கொண்டு பெயரிட்ட மொழி நம்முடையது. நிற அட்டையின் எண்ணுக்கு அப்பெயர்களுள் ஒன்றை இட்டுப் பார்த்தால், அந்நிறம் இச்சுவரில் எப்படி இருக்கும் என்பது மனத்திலே தெளிவாகும்.

வீடு நமது, முகப்பு தெருவினது

வீட்டின் உள்ளறை வீட்டாருக்கு உரியது. வெளிச்சுவரை நாம் காண்பதைவிட எதிர்வீட்டாரே மிகுதியாகக் காண்கின்றனர். எனவே நிறத்தேர்வில் தெருவுக்கும் பங்கு உண்டு. 1876இல் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி ஜெய்ப்பூர் நகருக்கு ஒரே வகை நிறம் பூசப்பட்டது. அந்நகரம் 2019இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே மன்னரின் ஆணை இருந்தது. நம் தெருவுக்கு ஆணையிடுவார் எவருமிலர். அண்டை வீட்டாரோடு கலந்து பேசும் பண்பு ஒன்றே உண்டு.

புதுச்சேரி இதற்கு நல்ல பாடம். 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னரும் அங்கே கடற்கரையை ஒட்டிய வீதிகளில் மஞ்சட்காவிச் சுவரும் வெள்ளை விளிம்பும் கொண்ட வீடுகள் நிலைத்தன. தமிழ்ப் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பினர் சீரமைப்புப் பணி செய்தபோது, வீட்டு முகப்புகளை ஒரு வரிசையாகவே கருதினர். திண்ணையும் தாழ்வாரமும் தொடர்ந்தால்தான் தெரு தெருவாகும் என்பதே அதன் பொருள். ஆயினும், சுற்றுலாப் பயணியர் விரும்புகின்றனர் என்பதற்காக அடர்மஞ்சள் எமல்ஷனை எல்லா வீட்டுக்கும் அடிப்பது மரபைக் காப்பதாகாது. அது வேடம். மரபு என்பது நிறத்தில் மட்டுமன்று. அந்நிறம் எதனால் ஆயிற்று என்பதிலும் உள்ளது.

தெருவின் கதை இவ்வாறிருக்க, ஒரே வீட்டுக்குள்ளும் இச்சிக்கல் உண்டு. பாகம் பிரிந்த பழைய வீடுகளில் அண்ணன் பகுதிக்குப் பச்சையும் தம்பி பகுதிக்கு இளஞ்சிவப்புமாக, ஒரே வளைவின் நடுவே கோடு கிழித்த காட்சியை ஊர்தோறும் காண்கிறோம். சொத்து பிரியலாம், முகப்பு பிரிய வேண்டுவதில்லை. இரு குடும்பத்தார் ஒரு நிறத்துக்கு இசைவதற்கு எந்தப் பத்திரமும் தடையன்று. அவ்வளைவை எழுப்பிய முன்னோருக்கு நாம் செய்யும் சிறிய மரியாதை அது.

செய்யத்தக்கன

முதலாவது, சுவர் எதனால் ஆனதென அறிதல். சுண்ணாம்பானால் சுண்ணாம்பையே பூசுதல் நன்று. சிமெண்டுச் சுவருக்கு எமல்ஷன் பூசுவதை நாம் மறுக்கவில்லை. ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க இயலாதோர்க்குச் சிலிக்கேட் வண்ணம் என்னும் கனிம வண்ணமும் உண்டு. ஜெர்மனியில் கைம் என்பார் 1878இல் காப்புரிமை பெற்ற அது, நிறமும் தந்து சுவரின் ஆவியையும் வெளிவிடுகிறது.

இரண்டாவது, ஓதத்தின் காரணத்தைக் களைதல். உடைந்த மழைநீர்க் குழாயையும் ஒழுகும் கைப்பிடிச்சுவரையும் திருத்தாமல் எந்த நிறம் பூசினும் வீணே. மழைக்காலம் கழிந்து சுவர் உலர்ந்தபின் தொடங்குதல் வேண்டும்.

மூன்றாவது, பழைய நிறத்தைத் தேடுதல். கதவு நிலையின் ஓரத்திலோ வெயில்படாத மூலையிலோ மெல்லச் சுரண்டினால் அடுக்கடுக்காக நிறங்கள் தோன்றும். வீட்டின் வரலாறு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. சுரண்டி எறியுமுன் அதைப் படமெடுத்துக் குறித்துவைத்தல் நம் மாணவர்கள் செய்யத்தக்க அரிய பணி.

நான்காவது, சுவரிலேயே மூன்றடிச் சதுரம் பூசிக் காலை, நண்பகல், மாலை மூவேளையும் பார்த்தல். சிறு அட்டையில் மென்மையாகத் தோன்றும் நிறம் பெருஞ்சுவரில், நம் நாட்டு வெயிலில், கண்ணைக் கூசச் செய்யும். சுண்ணாம்பில் கரைத்த நிறமோ ஈரத்தில் அடர்ந்து, உலர்ந்தபின் வெளுக்கும். அடர்நிறம் வெப்பத்தை ஈர்க்கும், வெளிர்நிறம் திருப்பியனுப்பும். கோடை கடுமையாகிவரும் இந்நாளில் இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

ஐந்தாவது, மரக்கதவு, சாளரக் கம்பி ஆகியவற்றில் எச்சரிக்கை. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருந்திருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைக் கடத்தலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்யும். நனைத்துச் சுரண்டுதலும், குழந்தைகளை அவ்விடத்திலிருந்து அகற்றுதலும் இன்றியமையாதவை.

“சுண்ணாம்பு ஆண்டுக்கு ஆண்டு செலவு, அடிக்கத் தெரிந்த ஆளும் இல்லை” என்னும் மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் நீண்டகாலம் உழைக்கும் என்று பூசிய வண்ணம் காரைச் சுவரில் விரைவில் உரிந்து, சுவரையும் உடன் கொண்டுபோகுமானால் எது சிக்கனம்? ஆள் இல்லை என்பதற்கும் விடை நம்மிடமே உள்ளது. சுண்ணாம்பை நீற்றவும், பாலின் பதத்தில் கரைக்கவும், சுவரை நனைத்து மெல்லிதாகப் பலமுறை பூசவும் அறிந்த முதிய கைகள் நம் ஊர்களில் இன்னும் சில உள்ளன. வேலை கொடுத்தால் அவை இளைய கைகளுக்குக் கற்பிக்கும். கொடாவிட்டால் அக்கலை அவற்றோடு முடியும்.

ஆகவே அடுத்த பெருநாளுக்கோ திருமணத்துக்கோ நிற அட்டை வீட்டுக்கு வருமுன், நாம் ஒருமுறை வெளியே சென்று சுவரைத் தொட்டுப் பார்ப்போமாக. ஈரமா, உலர்வா, காரையா, சிமெண்டா என்பதை அறிந்தபின் நிறத்தைப் பற்றிப் பேசலாம். வீட்டுப் பெரியவரும் தெருவாரும் முதிய கொத்தனாரும் அப்பேச்சில் அமரட்டும். அழகு பின்னே தானாக வரும், வீடும் நிற்கும்.