பில்லில் இருக்கும் 15 எழுத்து

சாத்தான்குளம் பஜாரில் மகளுக்குச் சீர் சாமான் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பேசிக் குறைப்பார்கள், எவர்சில்வரைத் தட்டிப் பார்ப்பார்கள். பில்லை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். 5,000 ரூபாய் மிக்ஸிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 900 ரூபாய். (கல் வைத்த வெட் கிரைண்டருக்கு 2022 வரை 5 சதவீதம்தான் இருந்தது.) அந்த 900 அரசாங்கத்துக்குப் போகிறதா, கல்லாவிலேயே தங்குகிறதா?

பில்லின் தலையில் 15 எழுத்தில் ஒரு எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. உள்ளூர்க் கடை பில்லில் 33 இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.

அடுத்த பத்தும் கடைக்காரரின் பான் எண். ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. சுவாரசியம் நான்காவது எழுத்தில் இருக்கிறது. 'பி' என்றால் தனி நபர், 'எஃப்' பங்குதாரர் நிறுவனம், 'சி' கம்பெனி, 'டி' டிரஸ்ட். ஐந்தாவது, தனி நபருக்குக் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத நம் ஊரில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெண் பெயரை மாற்றினாலும் பான் எண் மாறாது. அப்பாவின் எழுத்து அப்படியே இருக்கும். அதனால் இன்னொரு பான் எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது.

பதின்மூன்றாவது, அதே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. அடுத்தது வழக்கமாக 'இசட்'. கடைசியானது சரிபார்ப்பு எழுத்து. முன்னால் உள்ளவற்றைக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஒன்றைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் வேறொரு கடையின் நல்ல எண்ணை அப்படியே அச்சடித்தால் அமைப்பு சரியாகத்தானே இருக்கும்? அதற்கு ஜிஎஸ்டி இணையதளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதி இருக்கிறது. லாகின் வேண்டாம், போனிலேயே பார்க்கலாம். கடைப் பெயரும் உரிமையாளர் பெயரும் தனித்தனியே வரும். பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தா என்பதும் தெரியும். 'காம்போசிஷன்' என்று வந்தால், அவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. பதிவே இல்லாதவருக்கும், பதிவு ரத்தானவருக்கும் அதேதான். பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். கொடுத்த பிறகு 900 ரூபாயைத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை.