செவிலியரை வளர்க்கும் செவிலித்தாய்

பழந்தமிழ் இலக்கியத்தில் 'செவிலி' என்ற சொல் நோயாளியைக் கவனிப்பவரைக் குறிக்கவில்லை. பெற்ற தாய்க்கு அடுத்த நிலையில் நின்று, தலைவியைத் தூக்கி வளர்த்து, நல்லது கெட்டது எடுத்துச் சொல்லி ஆளாக்கிய வளர்ப்புத் தாயையே அது குறித்தது. அதே சொல்லைத்தான் நாம் இன்று மருத்துவமனைகளில் நோயாளரின் அருகிருந்து பணிபுரிவோருக்குச் சூட்டியிருக்கிறோம். பொருத்தமான பெயரே. எனினும், அச்சொல்லின் பழைய பொருளில் ஒரு பாதியை நாம் மறந்துவிட்டோமோ என்ற ஐயம் எழுகின்றது. செவிலி என்பவர் பேணுகிறவர் மட்டுமல்லர், வளர்க்கிறவரும் ஆவார். நோயாளியைப் பேணும் மூத்த செவிலியர், தம் அருகே நடுங்கும் கைகளோடு நிற்கும் மாணவியை வளர்க்கவும் கடமைப்பட்டவர் அல்லரோ? இம்மாதம் இதைப்பற்றியே நம் வாசகக் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

நம் பங்குகளில் பல குடும்பங்கள் தம் மகளையோ மகனையோ செவிலியர் பயிற்சிக்கு அனுப்பியுள்ளன. நகையை அடகு வைத்தும், வங்கியில் கடன் வாங்கியும் அனுப்பிய பெற்றோர் உண்டு. விளக்கேற்று விழாவன்று, சீருடை அணிந்த தம் பிள்ளை கையில் விளக்கேந்தி உறுதிமொழி கூறக் கேட்கையில், அவர்கள் கண்களில் நீர் தளும்பாமல் இருப்பதில்லை. அந்த விழாவின் புகைப்படம் வீட்டுச் சுவரில் திருக்குடும்பப் படத்திற்கு அருகே இடம்பெறுகின்றது. ஆனால் அந்தப் பிள்ளை வார்டுக்குள் நுழைந்தபின் அங்கே அவளுக்கு என்ன நேருகின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டறிகிறோம்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. வகுப்பறையில் பொம்மை உடலின்மேல் ஊசி போடப் பழகியவள், முதன்முறையாக உயிருள்ள ஒரு மனிதரின் கையைப் பற்றுகின்றாள். பொம்மை வலியால் முகம் சுளிப்பதில்லை; 'நீ புதுசாம்மா?' என்று கேட்பதுமில்லை. பாடநூலில் நேராகக் காணப்பட்ட இரத்தக் குழாய், முதியவரின் சுருங்கிய தோலுக்கடியில் நழுவி ஓடுகின்றது. கற்ற பாடம் அத்தனையும் அந்த நொடியில் மறந்து போகின்றது. அவ்வேளையில் அவள் தோளருகே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே அவள் நல்ல செவிலியாவதும் ஆகாததும் பெரிதும் அமைகின்றன.

இந்த உண்மையை உணர்ந்தே செவிலியர் கல்வி மருத்துவமனைக்குள் வேரூன்றியது. கிரிமியப் போரில் தொண்டாற்றித் திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், மக்கள் நன்றியோடு திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் லண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கச் செய்தார். அங்கே மாணவியர் மருத்துவமனையிலேயே தங்கி, வார்டுகளுக்குப் பொறுப்பான மூத்த செவிலியரின் கண்பார்வையில் வேலை கற்றனர். நம் மாநிலத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார்; 1946ஆம் ஆண்டில் அங்கே பட்டப்படிப்பும் மலர்ந்தது. அந்நிறுவனம் கைக்கொண்ட ஒரு வழக்கம் நம் கருத்துக்கு உரியது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களே வார்டிலும் நோயாளர் பொறுப்பை ஏற்கின்றனர். கற்பிப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் மற்றொருவர் என்று பிரிந்துவிட்டால், 'கல்லூரியில் அப்படிச் சொன்னார்கள், இங்கே இப்படிச் செய்கிறார்கள்' என்று மாணவி இருவருக்கும் நடுவே தத்தளிப்பாள். அந்த இடைவெளியை நிரப்புவதற்கான வழி இது.

அனுபவம் மிக்க செவிலியர் யாவரும் நல்ல ஆசிரியராக அமைந்துவிடுவதில்லையே, ஏன்? அமெரிக்கச் செவிலியர் அறிஞரான பாட்ரீசியா பென்னர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு ஒளி தருகின்றார். புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஒரு செவிலி ஐந்து படிகளைக் கடந்து வளர்கின்றார் என்பது அவர் காட்டும் கருத்து. புதியவள் விதியைப் பார்க்கின்றாள். வல்லுநரோ நோயாளியைப் பார்க்கின்றார். இரத்த அழுத்தக் கருவி காட்டும் எண்ணை மாணவி கவனமாக எழுதுகின்றாள். மூத்தவரோ கட்டிலருகே வரும்போதே, நெற்றியில் அரும்பிய வியர்வையையும், வெளிறிய உதட்டையும், நேற்று இல்லாத அமைதியின்மையையும் ஒரே பார்வையில் கண்டு, மருத்துவரை அழைக்கச் சொல்கின்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், 'பார்த்தாலே தெரிகிறதே!' என்பார். அது மாணவிக்குத் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். ஆகவே, தம் கண் கண்டதை வாயால் சொல்வதே வழிகாட்டுகிறவரின் முதல் கடமை. 'இந்த உதட்டைப் பார். கையைத் தொட்டுப் பார், குளிர்ந்திருக்கிறது. நாடி எவ்வளவு விரைவாக ஓடுகிறது பார்' என்று அவர் சொல்லும் மூன்று வாக்கியங்கள், மாணவி புரட்டிய பல பக்கங்களுக்கு உயிர் கொடுக்கும்.

நம் ஆண்டவரும் இவ்வாறே கற்பித்தார். இறுதி இராவுணவின்போது பணிவைப் பற்றி அவர் முதலில் சொற்பொழிவாற்றவில்லை. எழுந்தார், மேலுடையைக் கழற்றினார், துண்டை இடையில் கட்டினார், நீர் வார்த்துச் சீடரின் காலடிகளைக் கழுவித் துடைத்தார். அதன்பின் அமர்ந்து, தாம் செய்தது என்னவென்று புரிந்ததா என அவர்களை வினவி விளக்கினார். அவர்களையும் அவ்வாறே செய்யப் பணித்தார். செய்து காட்டுதல், விளக்குதல், செய்யச் சொல்லுதல் என்ற இந்த ஒழுங்கை நோயாளியின் உடலைத் துடைக்கக் கற்றுக்கொடுக்கும் செவிலியரும் பின்பற்றலாம். 'போய்த் துடைத்துவிட்டு வா' என்று ஏவுவதற்கும், தாமே ஒருமுறை துணியை நனைத்துப் பிழிந்து காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

ஆனால், செய்து காட்டுவதைவிடக் கடினமான ஒன்று இருக்கின்றது. அது மாணவியின் அச்சத்தைப் போக்குதல். இதை வெறும் கனிவைப் பற்றிய பேச்சாக எண்ணிவிடலாகாது; நோயாளியின் உயிரே இதில் அடங்கியுள்ளது. நம் இல்லங்கள் பலவற்றுக்கும் பழக்கமான இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அது ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு என்ற செறிவிலும், 100 அலகு என்ற செறிவிலும் கிடைக்கின்றது. முன்னதற்குரிய சிரிஞ்சு சிவப்பு மூடியும், பின்னதற்குரியது ஆரஞ்சு மூடியும் கொண்டது. 100 அலகு மருந்தை, 40 அலகுக்குரிய சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை எடுத்துவிட்டால், நோயாளியின் உடலில் சேருவது 20 அலகு அன்று, 50 அலகு! இரத்தத்தில் சர்க்கரை கடுமையாகக் குறைந்து, அவர் நினைவிழக்கவும் கூடும். மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, 'எந்தச் சிரிஞ்சு, சிஸ்டர்?' என்று கேட்கத் தயங்கி நிற்கும் மாணவியை எண்ணிப் பாருங்கள். நேற்று அவள் ஒரு கேள்வி கேட்டபோது, 'இதுகூடத் தெரியாமலா இங்கே வந்தாய்?' என்று நோயாளிகளின் முன்னிலையில் ஏளனம் செய்யப்பட்டிருந்தால், இன்று அவள் வாய் திறப்பாளா? மாட்டாள். கையில் அகப்பட்ட சிரிஞ்சை எடுப்பாள். தவறிழைத்தபின் அதை மறைப்பாள். மறைக்கப்பட்ட தவறுதான் உயிரைக் குடிப்பது. உடனே சொல்லப்பட்ட தவறைப் பெரும்பாலும் திருத்திவிடலாம்.

எனவேதான் சொல்லுகிறோம்: அஞ்சாமல் கேள்வி கேட்கும் மாணவியே நோயாளிக்குப் பாதுகாப்பு. அவளைக் கேட்கச் செய்பவரே நல்ல வழிகாட்டி. மலைப்பகுதியிலிருந்து இயேசு இறங்கி வந்தபோது, ஒரு சிறுவனைக் குணப்படுத்த முயன்று சீடர்கள் தோற்றிருந்தனர். வீட்டுக்குள் சென்றபின், தங்களால் ஏன் இயலவில்லை என்று அவர்கள் அவரிடம் தனியாகக் கேட்டதாக மாற்கு நற்செய்தி கூறுகின்றது. தோற்ற சீடர்களுக்குக் கேட்பதற்கு ஓர் இடமும், கேட்கலாம் என்ற துணிவும் இருந்தன. காரணத்தை அவரும் சொன்னார். திருத்தம் தனிமையில் அமையவேண்டும். காரணம் விளங்கச் சொல்லவேண்டும். ஆபத்து நேரவிருக்கும் கணத்தில் 'நிறுத்து' என்று கையைப் பிடித்துத் தடுக்கலாம், தடுக்கவே வேண்டும். ஆனால் விளக்கமும் கண்டிப்பும் கட்டிலை விட்டு அகன்ற பிறகே. நோயாளியின் முன் மாணவியை இழிவுபடுத்தினால், நோயாளிக்கு அவள்மீதிருந்த நம்பிக்கையும் சேர்ந்தே சிதைகின்றது.

'நாங்களெல்லாம் திட்டு வாங்கித்தான் கற்றோம், கெட்டா போனோம்?' என்று சில மூத்தவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கெட்டுப் போகவில்லை. நல்ல செவிலியராகவே விளங்குகின்றனர். ஆயினும் அவர்கள் கற்றது திட்டினால் அன்று, திட்டையும் மீறிய தங்கள் ஆர்வத்தினால் என்பதே உண்மை. அதே திட்டுக்கு அஞ்சி இத்தொழிலையே விட்டு அகன்றவர்களும் உண்டல்லவா? தாம் பட்ட காயத்தைப் பிறருக்குப் பாடமாக்குவது கிறிஸ்தவ மரபன்று.

மற்றொரு நியாயமான குறையும் உண்டு. ஒரு வார்டில் ஏராளமான நோயாளிகள். பணியிலிருப்பவரோ ஒருவர் அல்லது இருவர். மருந்து கொடுப்பதா, குறிப்பு எழுதுவதா, உறவினரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதா? இவற்றுக்கிடையே கற்பிக்க நேரம் எங்கே? இச்சுமையை அச்செவிலியரின் தோளில் மட்டும் ஏற்றுவது அறமாகாது. நிர்வாகத்தினர் இங்கே தம் மனச்சான்றைச் சோதித்துப் பார்க்கவேண்டும். கற்பிக்கும் பணியையும் ஒரு பணியாக மதித்து, அதற்கென நேரம் ஒதுக்கவேண்டும். மாணவியரைச் சம்பளமில்லாக் கைகளாகக் கருதி, பணியாளர் பற்றாக்குறையை அவர்களைக் கொண்டு நிரப்பலாகாது. திருச்சபையின் பெயரைத் தாங்கிய மருத்துவமனைகளுக்கு இக்கடமை இருமடங்கு. துணையின்றி இரவுப் பணியில் விடப்பட்ட மாணவி அங்கே கற்பது தொழிலையன்று, திகிலையே.

இனி, குடும்பங்களாகிய நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவது, நாமோ நம் வீட்டாரோ படுக்கையில் இருக்கும்போது, மாணவி ஒருத்தி அருகே வருகின்றாள் எனக் கொள்வோம். அவள் மாணவி என்பதை அறிய நமக்கு உரிமையுண்டு. வேண்டாம் என்று சொல்லவும் உரிமையுண்டு. ஆனால் மூத்தவர் ஒருவர் உடன் நிற்கின்றார் என்று கண்டால், சற்றுப் பொறுமையோடு கையை நீட்டுவது ஒரு பிறரன்புச் செயல். 'பதறாமல் செய்யம்மா' என்ற நம் ஒரு சொல், அவள் கைநடுக்கத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். நாளை வேறொரு நோயாளிக்கு அவள் வலிக்காமல் ஊசி போடுவாளாயின், அதில் நமக்கும் பங்குண்டு.

இரண்டாவது, நம் பிள்ளையே மாணவியாக இருந்தால், தொலைபேசியில் 'சாப்பிட்டாயா? மதிப்பெண் எவ்வளவு?' என்று கேட்பதோடு நின்றுவிடாதிருப்போம். 'இன்று யாரைக் கவனித்தாய்? எதைக் கண்டு பயந்தாய்?' என்றும் கேட்போம். தான் உணவூட்டிய முதியவர் மறுநாள் இறந்துவிட்டார் என்று அவள் அழுவாள். இந்த வேலைக்கு வந்தால் இதெல்லாம் சகஜம் என்று வாயடைக்காமல், முழுவதும் கேட்போம். தாம் அனுப்பிய திருத்தூதர்கள் திரும்பி வந்து, செய்ததையும் கற்பித்ததையும் சொன்னபோது, ஆண்டவர் அவர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று சற்று இளைப்பாறச் சொன்னார் அல்லவா? கேட்கும் செவியும் இளைப்பாறும் இடமும் வழிகாட்டுதலின் பகுதிகளே. அதைப் பெற்றோரும் செய்யலாம், விடுதிப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரியரும் செய்யலாம்.

மூன்றாவது, நம் பங்கில் வாழும் அனுபவமிக்க செவிலியருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளரின் பாதுகாவலராகிய புனித கமில்லஸ், ஒரே பிள்ளை நோயுற்றுக் கிடக்கையில் தாய் எத்தகைய பரிவோடு பணிவிடை செய்வாளோ, அத்தகைய பரிவோடு நோயாளரைப் பேணவேண்டுமெனத் தம் சபையினரைப் பழக்கினார். 1930ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைச் செவிலியரின் பாதுகாவலராகவும் அறிவித்தார். அந்தத் தாயுள்ளத்தை நோயாளியிடம் காட்டும் நீங்கள், அதில் ஒரு பங்கை உங்கள் அருகே நிற்கும் இளையவளுக்கும் தாருங்கள். அவளுக்கு உங்கள் பெயர் பிற்காலத்தில் மறந்து போகலாம். ஆனால் என்றோ ஒருநாள், எங்கோ ஒரு மருத்துவமனையில், நள்ளிரவில் சிரிஞ்சைக் கையிலெடுக்குமுன் அவள் ஒருகணம் நின்று, மூடியின் நிறத்தைச் சரிபார்ப்பாள். அந்த ஒருகணத்தை அவளுக்குத் தந்தவர் நீங்களாக இருப்பீர்கள்.

கற்பிப்போருக்குப் பொறுமையும், கற்போருக்குத் துணிவும், இவ்விருவர் கைகளிலும் தம் உடலை ஒப்படைக்கும் நோயாளருக்கு நலமும் அருளுமாறு, நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியாவின் வழியாக இம்மாதம் நம் குடும்பச் செபத்தில் இறைவனை மன்றாடுவோமாக.