கிளிமூக்கின் பெயரும் பருப்பும்

முக்கனியுள் முதற்கண் எண்ணப்பெறுவது மா. கிருட்டிணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பகுதிகளில் மாந்தோப்புகள் நிறைந்துள்ளன. ஆங்கு மிகுதியும் விளைந்து மாங்கூழ் ஆலைகட்குச் செல்லும் காய், நுனி வளைந்து கிளியின் அலகை ஒத்திருத்தலின் 'கிளிமூக்கு' எனப் பெயர் பெற்றது. வடவர் கூறும் 'தோத்தாபுரி' என்பதும் கிளியைச் சுட்டுவதே. ஆயின், சந்தையில் தமிழுழவன் தன் தோப்புக் காயைப் 'பெங்களூரா' என்றே விலை கூறுகின்றான். எல்லைக்கு இப்பால் அவன் வியர்வையில் விளைந்த காய்க்கு அப்பாலுள்ள நகரின் பெயர்! இதில் அண்டை மாநிலத்தார்மேற் பழியில்லை, மறந்தவன் தமிழனே.

'மாங்காய்' என்னும் தென்மொழிச் சொல்லைப் போர்த்துக்கீசியர் வழிக் கடன்கொண்டு ஆங்கிலம் 'மாங்கோ' என்கின்றது. 1753-இல் இலின்னேயசு என்பார் இட்ட 'மாங்கிபெரா' என்னும் நிலைத்திணைப் பெயரும் அச்சொல்லின் வழிவந்ததே. உலகிற்குப் பெயரீந்தவன் தன் தோப்பிலேயே பெயரிழந்து நிற்கின்றான்.

பெயரொடு மருந்தறிவும் மறைந்து வருகின்றது. மாவின் பயன் கனியோடு முடிவதன்று. காயில் உயிர்ச்சத்து 'சி' உண்டு. பழுத்த சதையின் மஞ்சள் நிறமி உடலில் உயிர்ச்சத்து 'ஏ'யாக மாறிக் கண்ணைக் காக்கும். துவர்ப்புடைய மாம்பருப்பை உலர்த்திப் பொடித்துக் கழிச்சலுக்கு மோரிற் கலந்து கொடுப்பது பழைய மருத்துவ முறை. பூவும் பட்டையும் வயிற்றுக்கடுப்பிற்கு உரியவையாகக் கொள்ளப்பட்டன. இலையிலும் பட்டையிலும் உள்ள 'மாங்கிபெரின்' என்னும் பொருளை இக்கால அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர்.

எனினும், மருந்தறிவாவது அளவறிதலுமாம். பழத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு இனிப்பு உள்ளமையின் நீரிழிவுடையார் அளவோடு உண்ணல் வேண்டும். மாங்கொழுந்தை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துதல் பேதைமை. காம்பின் பால் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகட்குக் கழிச்சல் மிகின், உடனே மருத்துவரை நாடுதலே கடன்.

ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைநாடி வந்த இளைஞன் மாம்பழத்தைத் தின்று கொட்டையைக் குப்பையில் எறிகின்றான். அதனுள் இருக்கும் பருப்பைப் பொடித்துப் பானையிற் காத்தவள் அவன் பாட்டி. இரு தலைமுறைக்குள் மருந்து குப்பையாயிற்று. கிளிமூக்கு பெங்களூரா ஆயிற்று. பெயர் மறந்த பொருளின் பயன் நெடுநாள் நினைவில் நில்லாது.

தோப்பு இன்னும் தமிழன் கையில் உள்ளது. வருங்கோடையில் ஓசூர்ச் சந்தையில் 'கிளிமூக்கு என்ன விலை?' என்று ஒருவன் கேட்கட்டும். வீடு திரும்பிக் கொட்டையை எறியுமுன் பாட்டியை ஒரு சொல் வினவட்டும். மீட்பு அங்கே தொடங்கும்.